மாற்று உதிரிப் பாகங்கள்: எங்கே சிக்கனம்? எங்கே எச்சரிக்கை?



காம்பாரில் உணவுக்கடை நடத்துவோருக்கும், தோட்டக் கோயில்களில் அன்னதானம் சமைப்போருக்கும் சாதனங்களின் பழுது பெருஞ்செலவாகும். மாவரைக்கும் இயந்திரத்தின் பெல்ட் அறுந்தால், அதில் பொறித்துள்ள எண்ணைக் குறித்துக்கொண்டு, அதே எண்ணுள்ள வேறு நிறுவனத்தின் பெல்ட்டைக் குறைந்த விலைக்கு வாங்கலாம், குற்றமில்லை.

ஆனால், எரிவாயுக் குழாயில் இந்தச் சிக்கனம் ஆகாது. நாம் சீவும் பாலிலிருந்து கிடைக்கும் இயற்கை ரப்பர், எண்ணெயும் சமையல் எரிவாயுவும் பட்டால் உப்பித் தளரும். அவற்றைத் தாங்கும் செயற்கை ரப்பரே அக்குழாய்க்கு ஏற்றது. கண்ணுக்கோ இரண்டும் ஒன்றாகவே தோன்றும். ஆகவே, 1975-ஆம் ஆண்டில் உருவான சிரிம் நிறுவனத்தின் முத்திரையைப் பார்த்தே குழாயையும் ரெகுலேட்டரையும் வாங்குவோமாக. பெல்ட் அறுந்தால் ஒரு நாள் வேலை கெடும்; குழாய் கசிந்தால் குடும்பமே கெடும்.