வாய்ச் சாமர்த்தியமும் வட்டிப் புரட்டும்
(மாங்காட்டில் செய்த சொற்பொழிவின் சாரம்)



எலுமிச்சம்பழத்துடன் ஆறு வாரம் வந்தால் நினைத்தது நடக்குமென்று நம்பி இவ்வூருக்கு வருகின்றவர்கள் ஏராளம். அதைப்பற்றிப் பல தடவை பேசியாய்விட்டது. இன்று, அதே குருட்டு நம்பிக்கையை முதலாக வைத்து நடக்கும் வேறொரு வியாபாரத்தைப் பற்றிப் பேசுகின்றோம்.

1906-ல் சென்னையில் அர்பத்நாட் கம்பெனி திவாலாயிற்று. வெள்ளைக்காரன் கம்பெனி, பொய் சொல்லாது என்று பணம் போட்ட ஆயிரக்கணக்கானவர்கள் தெருவில் நின்றார்கள். அதன் முதலாளி சர் ஜார்ஜ் அர்பத்நாட் சிறைக்குப் போனார். போன பணம் முழுதும் வந்ததா? இல்லை. 2012-ல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழி என்றார்கள். 2022-ல் சென்னையில் ஆருத்ரா கோல்டு கம்பெனியின் மீது, மாதம் 100-க்கு 25, 30 வீதம் தருவதாகச் சொல்லிச் சுமார் ஒரு லட்சம் பேரிடம் 2,400 கோடி ரூபாய்க்குமேல் வாங்கியதாகப் பொருளாதாரக் குற்றப் பிரிவுப் போலீசார் வழக்குப் போட்டார்கள்.

தோழர்களே! மாதம் 30 வட்டியென்றால், வட்டியையும் முதலோடு சேர்த்துப் பெருக்கினால், ஒரு லட்சம் ஒரே ஆண்டில் 23 லட்சமாக வேண்டும். அப்படிப்பட்ட வித்தை தெரிந்தவன் உங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து ஏன் உட்காருகின்றான்? தன் ஒரு லட்சத்தைப் போட்டுத் தானே கோடீசுவரன் ஆகலாமே!

இவர்கள் பேச்சைக் கவனியுங்கள். "இன்றே கடைசி நாள்" என்பான். யோசிக்க விடக்கூடாதென்பதே அதன் கருத்து. "உங்களுக்கு மட்டும் சொல்லுகிறேன்" என்பான். நாலு பேரைக் கேட்டால் குட்டு வெளிப்படும். "நாம் ஒரே ஊர், ஒரே சாதி" என்பான். கணக்குக்கும் சாதிக்கும் என்ன சம்பந்தம்? ரசீது கேட்டால், "என்மேல் நம்பிக்கையில்லையா?" என்று முகம் வாடுவான். கேட்டவரைக் குற்றவாளியாக்குவதுதான் இவற்றிலெல்லாம் பெரிய தந்திரம். புராணத்தைக் கேள்வி கேட்டால் நாஸ்திகன் என்று வாயடைப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

கோவிலைப் பரிகசிக்கின்ற நம் தோழர்களிற் சிலரும் இந்த வலையில் விழுவதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்ளுகின்றோம். சாமியை மாத்திரம் சந்தேகித்தால் பகுத்தறிவாகி விடாது.

ஆகவே, சொன்னதை எழுத்தில் கொடு என்று கேளுங்கள். சீட்டானால், 1982-ம் வருஷச் சட்டப்படி பதிவு செய்த நம்பரைக் கேட்டுப் பதிவாளர் ஆபீசில் விசாரியுங்கள். அனுமதியில்லாமல் பொது ஜனங்களிடம் டிபாசிட் வாங்குவதை 2019-ம் வருஷச் சட்டம் தடுக்கின்றது. ஓர் இரவாவது பொறுங்கள். வீட்டுப் பெண்களைக் கலந்து பேசுங்கள். சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் அவர்கள் பாடும் இருக்கின்றது. ஏமாந்துவிட்டால் மானம் போய்விட்டதென்று மறைக்காமல் உடனே புகார் கொடுங்கள். ஏமாந்தவனுக்கு அவமானமில்லை, ஏமாற்றினவனுக்கே அவமானம்.

அம்பத்தூர்ப் பட்டறையில் எட்டு மணி நேரம் நின்று சம்பாதித்த கூலியை எட்டு நிமிஷப் பேச்சுக்குக் கொடுத்துவிடாதீர்கள். "எப்படி?" என்று கேட்கத் துணிவதும் சுயமரியாதையே என்று சொல்லி முடித்துக் கொள்ளுகின்றோம்.