நாய்க்குட்டியின் உணவும் அதன் அளவும்



பாடசாலை அதிபர் ஒருவர் வானொலியிலே பேச வந்தால், கல்வியைப் பற்றியோ இலக்கியத்தைப் பற்றியோ பேசுவார் என்று நீங்கள் எதிர்பார்ப்பது இயல்பே. நானோ இன்று ஒரு நாய்க்குட்டிக்கு எதனை ஊட்டுவது, எவ்வளவு ஊட்டுவது என்பதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பொருள் சிறிது என்று எண்ணிவிட வேண்டாம். ஓர் உயிர் வாழ்வதும் மாள்வதும் சில நாட்களில் இதனாலேயே முடிவாகிவிடுகின்றது.

சென்ற ஆண்டு ஒரு காலைப்பொழுதில், மன்னார்த் தீவிலுள்ள எங்கள் பாடசாலையின் விறாந்தைப் படியருகே ஒரு நாய்க்குட்டி நடுங்கிக்கொண்டு கிடந்தது. கண் திறந்து சில வாரங்களே ஆகியிருக்கும். முதல் மணி அடிப்பதற்குள் அதனைச் சுற்றிப் பெருங்கூட்டம் கூடிவிட்டது. ஒரு பிள்ளை பாணைப் பிய்த்துப் போட்டது. இன்னொரு பிள்ளை பசுப்பால் வாங்கிவர ஓடிற்று. வேறொரு பிள்ளை தன் சோற்றுப் பொதியிலிருந்து சம்பலையும் பொரித்த கருவாட்டையும் எடுத்து நீட்டியது. "சேர், இதற்குப் பசிக்கிறது" என்று எல்லோரும் ஒரே குரலில் முறையிட்டனர். அன்பிலே அப்பிள்ளைகளுக்குக் குறைவில்லை. ஆயினும், "பொறுங்கள்" என்று கையை உயர்த்தினேன். அதற்குக் காரணம் உண்டு.

தலைமன்னாருக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே கப்பல் ஓடிய நாட்களில் நான் சிறுவன். உறவினர் ஒருவர் எனக்கு ஒரு குட்டியைத் தந்தார். வீட்டிலே பசுப்பால் தாராளமாக இருந்தது. கிண்ணம் கிண்ணமாக ஊற்றினேன். அது குடிக்கக் குடிக்க மகிழ்ந்தேன். மறுநாள் வயிற்றோட்டம் கண்டது. பசியினால்தான் வாடுகிறது என்றெண்ணி இன்னும் ஊற்றினேன். ஒரு வாரத்துக்குள் என் தந்தையார் வளவின் மூலையிலே ஒரு பனையடியிற் குழி தோண்ட நேர்ந்தது. அவர் என்னைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. எனினும் அந்தக் குழியை நான் மறந்ததில்லை.

அன்று நான் செய்த பிழை யாது? பால் என்றால் எல்லாம் ஒன்றென எண்ணியதே. தாய் நாயின் பாலிலே கொழுப்பும் புரதமும் பசுப்பாலிலுள்ளதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு உண்டு. பாற்சர்க்கரையோ அதனிற் குறைவு. பசுப்பாலின் மிகுதியான சர்க்கரையைக் குட்டியின் குடல் செரிக்கமாட்டாது. அதனால் வயிற்றோட்டம் உண்டாகிறது. உடலின் நீர் வற்றுகிறது. சிறிய உடல் அதனைத் தாங்குவதில்லை. ஆகவே எட்டு வாரம் நிறையுமட்டும் குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்காதிருப்பதே முதல் விதி. மூன்று நான்கு வாரத்தில் மென்மையான உணவை நக்கப் பழகும். ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் பால்குடி மறக்கும்.

அடுத்து, எதனை ஊட்டுவது? கடலால் சூழப்பட்ட எங்களுக்கு விடை வாசலிலேயே இருக்கிறது: சோறும் மீனும். சோறு குழைந்திருக்க வேண்டும். மீன் புதிதாகவும் வெந்ததாகவும் முள் நீக்கியதாகவும் இருக்க வேண்டும். சூடை, நெத்தலி போன்ற மீன்கள் சிலவற்றின் பச்சை உடலிலே உயிர்ச்சத்து ஒன்றை அழிக்கும் பொருள் உண்டு. வேகவைத்தால் அது கெட்டொழியும். உப்பும் மிளகாயும் வேண்டாம். வெங்காயம் அறவே கூடாது. அது நாயின் செங்குருதிக் கலங்களைச் சிதைக்கும். கருவாடு உப்பு மலிந்தது. அதனைத் தொடாதிருப்பதே நன்று. சொக்கலேற்றும் நாய்க்கு நஞ்சே.

கரையோர மக்களுக்கு இன்னுமோர் எச்சரிக்கை. வலையிலே அகப்பட்டு மணலில் வீசப்படும் பேத்தை மீனைக் குட்டி வாயில் வைக்க விடாதீர்கள். அதன் நஞ்சு சமைத்தாலும் நீங்காதது, மூச்சையே நிறுத்திவிடுவது.

மீனின் அருமையை விளக்க ஒரு வரலாற்றைச் சொல்கிறேன். முதலாம் உலகப் போர் நடந்த காலத்தில், எட்வர்ட் மெல்லன்பி என்னும் ஆங்கில அறிஞர் இலண்டனிலே நாய்க்குட்டிகளைக் கொண்டு ஓர் ஆராய்ச்சி நடத்தினார். தானியத்தையே பெரிதும் உணவாகக் கொண்ட குட்டிகளின் எலும்புகள் மெலிந்து வளைந்தன. ஏழைக் குழந்தைகளைப் பீடித்த கணை நோயே அது. மீன் ஈரல் எண்ணெய் சேர்க்கப்பட்ட குட்டிகளோ நோயின்றி வளர்ந்தன. 1919 ஆம் ஆண்டில் அவர் இதனை வெளியிட்டார். அந்த எண்ணெயிலிருந்த காப்புப் பொருளுக்கு 1922 இல் மக்கலம் என்னும் அமெரிக்க அறிஞர் விற்றமின் டி எனப் பெயரிட வழி பிறந்தது. மனிதர் வெயிலின் துணையால் அதனைத் தம் தோலிலே ஆக்கிக்கொள்வர். நாய்க்கு அந்த ஆற்றல் போதாது. உணவிலிருந்தே அது பெறவேண்டும். வெறுஞ் சோறும் தேங்காய்ப் பிண்ணாக்கும் போட்டு வளர்த்த குட்டியின் கால்கள் ஏன் கோணுகின்றன என்பது இப்போது விளங்குமன்றோ?

எலும்புக்குச் சுண்ணச்சத்தும் வேண்டும். நெத்தலியை முள்ளும் கரையுமாறு அவித்து மசித்துக் கொடுக்கலாம். அல்லது அவித்துக் காயவைத்த முட்டையோட்டை நன்றாகப் பொடித்து, இரண்டு கிலோ நிறையுள்ள குட்டிக்கு நாளொன்றுக்கு அரைத் தேக்கரண்டி சேர்க்கலாம். இரண்டையும் ஒருங்கே கொடுக்க வேண்டியதில்லை, மிகையும் கேடே.

இனி அளவு. இரண்டு கிலோ நிறையுள்ள இளங்குட்டிக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 350 கிலோ கலோரி தேவை. 150 கிராம் சோறும், 100 கிராம் வெந்த மீனும், அரை முட்டையும் சேர்ந்தால் அவ்வளவு கிடைத்துவிடும். இதனை ஒரே வேளையில் ஊட்டலாகாது. இரைப்பை மிகச் சிறிது. மூன்று மாதம் வரை நாளுக்கு நான்கு வேளை. அதன்பின் ஆறு மாதம் வரை மூன்று வேளை. பின்னர் இரு வேளை. ஒரு வேளைக்கு நான்கு மேசைக்கரண்டி போதும். அருகே நல்ல தண்ணீர் எப்போதும் இருக்கட்டும்.

ஆனால் இந்தக் கணக்குத் தொடக்கமே, முடிவன்று. குட்டி கேட்கிறதே என்று போடுவதும், பானையில் மிஞ்சியதே என்று போடுவதும் அளவாகா. குட்டி எப்போதும் கேட்கும். உங்கள் விரல்களை அதன் விலாவிலே வையுங்கள். விலாவெலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும். கண்ணுக்குத் துருத்தித் தெரியலாகாது. மீன் வியாபாரியின் தராசிலே ஒரு பையிலிட்டு வாரந்தோறும் நிறுத்துப் பாருங்கள். வளர்ந்தபின் 15 கிலோ வரக்கூடிய நம் ஊர்க் குட்டி, வாரம் 200 முதல் 400 கிராம் வரை கூடுமானால் நலமே. கூடாவிட்டால் உணவைக் கூட்டுக. விலா மெலிந்து வயிறு மட்டும் பானைபோல் உப்பியிருந்தால் அது கொழுமையன்று, புழுக்களின் அடையாளம். கருவிலேயே தாயிடமிருந்து வரும் அப்புழுக்கள் வீட்டுப் பிள்ளைகளையும் தொற்றக்கூடியவை. கால்நடை வைத்தியரிடம் காட்டிப் புழு மருந்து பெறுக. விசர்நோய்த் தடுப்பூசிக்குரிய நாளையும், வீட்டுணவோடு வேறெது சேர்க்கலாம் என்பதையும் அவரிடமே கேட்டறிக.

"மனிதருக்கே உணவு அரிதாயிருக்க, நாய்க்கு மீனும் முட்டையுமா?" என்று கேட்பீர்கள். 2022 ஆம் ஆண்டின் நெருக்கடியிலே எங்கள் பிள்ளைகள் பலர் காலையில் வெறும் வயிற்றோடு வந்ததை நான் கண்டவன். ஆதலால் அந்தக் கேள்வியை நான் இகழேன். ஆனால் அளந்து ஊட்டுவோர் வீணாக்குவதில்லை. நான் சொன்ன 100 கிராம் மீன் சில சிறு மீன்களே. அதுவும் இயலாதவர் குட்டியைத் தாயிடமிருந்து எடுத்து வராதிருப்பதே அறம். எடுத்து வந்து, நாலு நாள் கொஞ்சி, ஐந்தாம் நாள் தெருவில் விடுவது அன்பாகாது.

எங்கள் பாடசாலைக் குட்டிக்கு என்ன ஆயிற்று? ஏழாந்தரப் பிள்ளைகள் ஒரு கொப்பியிலே அதன் நிறையை வாரந்தோறும் குறித்தார்கள். முதல் வாரத்தில் 150 கிராமே கூடிற்று. பிள்ளைகள் முகம் வாடினர். புழு மருந்து கொடுத்த பின்பு 300 ஆயிற்று. தசமமும் சராசரியும் அவர்களுக்கு அந்த ஆண்டு நான் கற்பிக்காமலே வந்துவிட்டன. குட்டி இன்று எங்கள் வாயிற்காவலரின் வீட்டிலே வளர்கிறது.

பிள்ளைகள் அந்தக் கொப்பியை என் மேசையில் வைத்த நாளில், அந்தப் பனையடி என் நினைவுக்கு வந்தது. அன்று எனக்கும் அன்பு இருந்தது, அளவு தெரியவில்லை. உங்கள் வீட்டுப் பிள்ளை ஒரு குட்டியைக் கையிலேந்தி வரும்போது, அதனைக் கடிந்து துரத்தவும் வேண்டாம். கிண்ணம் நிறையப் பாலைக் கொடுத்தனுப்பவும் வேண்டாம். ஒரு கரண்டியையும் ஒரு கொப்பியையும் அதன் கையிலே கொடுங்கள்.