செத்துப்போன கணையம்: ஏன் காத்திருக்கச் சொல்றாங்க?

சாப்பிட்டுக்கிட்டே கேக்கிறவங்க முதல்ல சாப்பிட்டு முடிச்சிடுங்க. இன்னைக்குக் கணைய அழற்சி பத்திப் பேசப்போறோம்.

இரைப்பைக்குப் பின்னாடி படுத்திருக்கிற உறுப்பு கணையம். சாப்பாட்டைச் செரிக்கிற நொதிகள் அங்கதான் உருவாகுது. பித்தப்பைக் கல்லாலயோ குடியாலயோ அழற்சி வந்தா, அந்த நொதிகள் கணையத்தையே செரிக்க ஆரம்பிச்சிடும். பெரும்பாலானவங்களுக்கு இது கொஞ்ச நாள்ல அடங்கிடும். சிலருக்குத்தான் கணையத்துலயும் சுத்தியிருக்கிற கொழுப்புலயும் ஒரு பகுதி செத்துப்போகும். அதுல கிருமி புகுந்துட்டா உயிருக்கே ஆபத்து.

ஐசியூ வாசல்ல நிக்கிற குடும்பம் கேக்கிற முதல் கேள்வி, “உடனே ஆபரேஷன் பண்ணி எடுத்துட வேண்டியதுதானே?” நியாயமான கேள்வி. முன்னாடி அப்படித்தான் பண்ணாங்க. 2010-ல் நெதர்லாந்து மருத்துவர்கள் 88 நோயாளிகளை வைத்து நடத்திய ஆய்வு அந்த வழக்கத்தை அசைத்தது. நேரா வயித்தைத் திறந்தவங்கள்ல 69 சதவீதம் பேருக்குப் பெரிய சிக்கலோ மரணமோ வந்தது. முதல்ல குழாய் வச்சு சீழை வடிச்சு, தேவைப்பட்டா மட்டும் அடுத்த கட்டத்துக்குப் போனவங்கள்ல அது 40 சதவீதம். இந்த ரெண்டாவது குழுவுல 35 சதவீதம் பேருக்குக் குழாயே போதுமானதா இருந்தது.

காத்திருக்கறதுக்கு இன்னொரு காரணம், சுவர். ஏறக்குறைய நாலு வாரத்துல செத்த திசுவைச் சுத்தி உடம்பே ஒரு கெட்டியான சுவர் கட்டிடும். அதுக்கப்புறம் எண்டோஸ்கோப்பை வாய் வழியா இரைப்பைக்குள்ள விட்டு, அல்ட்ராசவுண்ட்ல இடம் பார்த்து, இரைப்பைச் சுவர்ல துளை போட்டு ஒரு ஸ்டென்ட் வைப்பாங்க. ரெண்டு பக்கமும் விரிஞ்ச உடுக்கை மாதிரி இருக்கும். சீழ் அது வழியா இரைப்பைக்குள்ள வடியும். அது போதலைன்னா, எண்டோஸ்கோப்பே ஸ்டென்டுக்குள்ள நுழைஞ்சு, சுருக்குக் கம்பியால செத்த திசுவைத் துண்டு துண்டா இழுத்து இரைப்பையில போடும். மிச்சத்தைக் குடல் பார்த்துக்கும்! ஒரே தடவையில முடியறது அபூர்வம்.

வயித்துல தழும்பே இல்லைங்கிறதால இது சின்ன விஷயம்னு நினைச்சுடாதீங்க. அந்தக் குழிக்குள்ள ரத்தக்குழாய்கள் ஓடுது. ஒண்ணு கிழிஞ்சாலும் ரத்தம் கொட்டும். சுவர் உறுதியா இல்லைன்னா ஓட்டை விழலாம். உள்ள செலுத்துற காற்று ரத்தத்துல கலந்தா மரணமே நேரலாம். அதனாலதான் காற்றுக்குப் பதிலா கார்பன் டை ஆக்சைடு பயன்படுத்துறாங்க.

2018-ல், அதே நாட்டில், 98 பேரிடம் எண்டோஸ்கோப்பி முறையையும் சிறுதுளை அறுவை முறையையும் ஒப்பிட்டார்கள். பெரிய சிக்கல், மரணம் ரெண்டுலயும் எண்டோஸ்கோப்பி குறைச்சுக் காட்டல. ஆனா கணைய நீர் கசியற பிரச்சினை அறுவையில 32 சதவீதம், எண்டோஸ்கோப்பியில 5 சதவீதம்தான். ஆஸ்பத்திரி நாட்களும் குறைவு. என்னைக் கேட்டா, இதுவே பெரிய லாபம்.

நான் ரொம்பப் பயப்படறது வீட்டுக்கு வந்த பிறகு நடக்கிறதைப் பத்தித்தான். உலோக ஸ்டென்டை வழக்கமா மூணு, நாலு வாரத்துல எடுத்துடணும். குழி சுருங்கச் சுருங்க அதோட விளிம்பு ரத்தக்குழாய்ல உரசும், இல்லைன்னா ஸ்டென்ட் சதைக்குள்ள புதைஞ்சிடும். ஆனா அந்த நேரத்துல வலி போயிருக்கும், பசி வந்திருக்கும், ஆபீஸ்ல லீவும் தீர்ந்திருக்கும். அதனால டிஸ்சார்ஜ் ஆகும்போதே ஸ்டென்ட் எடுக்கிற தேதியைக் கேட்டு வாங்கிடுங்க. மலம் கறுப்பாப் போனாலோ, ரத்த வாந்தி வந்தாலோ, திரும்பக் காய்ச்சல் அடிச்சாலோ அந்தத் தேதிவரைக்கும் காத்திருக்க வேண்டாம், நேரா எமர்ஜென்சிக்குப் போயிடுங்க.