சிறு உந்துதல், நெடும் பயணம்



நம் வீட்டுக் கூரைகளில் தொலைக்காட்சித் தட்டு அண்ணாந்து நிற்கிறதல்லவா? அது ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்திலுள்ள செயற்கைக்கோளைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது. சூரியனும் சந்திரனும் இழுப்பதால் அந்தக் கோள் இடம் விலகும்; அவ்வப்போது தள்ளி நேராக்க வேண்டும். உரிய உயரத்தை அடையவும் அங்கே நிலைத்திருக்கவும் ஏற்றிச் செல்லும் எரிபொருளே பல கோள்களின் எடையில் ஏறக்குறைய பாதி. அது தீர்ந்தால் கோளின் ஆயுளும் தீர்ந்தது.

இச்சுமையைக் குறைக்க வந்ததே மின் உந்து பொறி. இதில் எதுவும் எரிவதில்லை. செனான் என்னும் வாயுவின் அணுக்களுக்கு மின்னேற்றம் தந்து, மின்விசையால் பின்புறம் வீசுகிறார்கள். படகிலிருந்து கல்லைப் பின்னால் எறிந்தால் படகு முன்னால் நகருமே, அதே விதிதான். எரிபொருளின் புகை விநாடிக்குச் சுமார் 3 கிலோமீட்டர் வேகத்தில் வெளியேறும். செனானோ 15 கிலோமீட்டருக்கும் மேல். ஆகவே கொஞ்சம் வாயுவே போதும். மின்சாரத்தைச் சூரியத் தகடுகள் தருகின்றன.

உந்துதலோ மிகச் சிறிது. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் 1,000 மணி நேரம் இயக்கிச் சோதித்ததாக 2025 மார்ச்சில் அறிவித்த பொறியின் விசை 300 மில்லிநியூட்டன். உள்ளங்கையில் 30 கிராம் எடையை வைத்தது போலத்தான். தரையிலிருந்து கோளைத் தூக்க அதனால் ஆகாது. அதற்கு ராக்கெட் வேண்டும். ஆனால் காற்றுத் தடையற்ற வெளியில் நாள்கணக்காக விடாமல் தள்ளினால் பெருவேகம் சேரும். சொட்டுச் சொட்டாக வடிந்த பால் மங்கை நிறைத்ததைப் பால்மரம் வெட்டிய நம் பாட்டிமார் அறிவார்கள்.

2010 ஏப்ரல் 15 அன்று இத்தகைய பொறிகளுடன் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஜிசாட்-4 கிளம்பியது. ராக்கெட்டின் மேல்பகுதி இயங்காததால் எல்லாம் வீணாயின. அவர்கள் ஓயவில்லை. 2017 மே 5 அன்று ஜிசாட்-9 மின் உந்து பொறியுடன் விண்ணை அடைந்தது. 2025 சனவரியில் அந்நிறுவனத்தின் தலைமையை ஏற்ற வி. நாராயணன், கன்னியாகுமரி மாவட்டத்துச் சிற்றூரில் பிறந்து தமிழ்வழியில் பள்ளி பயின்றவர்.

ஒரு தேர்வில் சறுக்கிய பிள்ளையிடம், "உனக்கு அறிவியல் வராது" என்று சொல்லிவிடுகிறோம். ஆசிரியர்களாகிய நாங்களும் சொன்னதுண்டு. அது தவறு. பிள்ளைக்கு ஒரே நாளில் பெரிய தள்ளு வேண்டாம். ஒவ்வோர் இரவும் அரை மணி நேரம் அருகில் அமருங்கள். அன்று படித்ததைச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். அந்தச் சிறு உந்துதல் போதும்.