ஜெயில் வீரனின் தாய்

தாலுகா ஆபீஸுக்குப் புறப்படும்போது, "இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு கேட்டுட்டுத்தான் வருவேன்" என்று வீட்டில் முழங்குவோம். அங்கே அதிகாரி நிமிர்ந்து பார்த்ததும், "சும்மா பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேங்க ஐயா" என்போம்.

ஆனால் வெள்ளைக்காரர் ஆட்சிக்கு முன்னாலேயே பம்மாமல் நின்ற ஒரு பெண் இருந்தார். கடலூர் முதுநகரில் 1890-ல் பிறந்த அஞ்சலை அம்மாள். 1857 கிளர்ச்சியை அடக்கும்போது இரக்கமில்லாமல் பலரைக் கொன்று குவித்தவர் வெள்ளைக்கார அதிகாரி கர்னல் நீல். அவருக்குச் சென்னை மவுண்ட் ரோட்டில் சிலை! அதை அகற்றச் சொல்லி 1927-ல் போராட்டம் நடந்தது. அஞ்சலை அம்மாள் போனார். சின்னஞ்சிறு மகள் அம்மாக்கண்ணுவையும் அழைத்துப் போனார். இருவருக்கும் சிறை.

இன்னொரு முறை சிறையில் இருந்தபோது அவர் நிறைமாதக் கர்ப்பிணி. பிரசவத்துக்காக வெளியே விட்டார்கள். பெற்றெடுத்துவிட்டு, கைக்குழந்தையோடு மிச்சத் தண்டனையை அனுபவிக்கத் திரும்பிவிட்டார். அந்தப் பிள்ளைக்கு 'ஜெயில் வீரன்' என்றே பெயர் நிலைத்தது.

நீல் சிலை உடனே நகரவில்லை. பத்து வருஷம் கழித்து, 1937-ல் ராஜாஜி ஆட்சியில்தான் மியூசியத்துக்குப் போனது. அதே வருஷம் அஞ்சலை அம்மாள் சட்டசபைக்குள் நுழைந்தார்!

அஞ்சலை அம்மாளுக்கு எதிரில் நின்றது ஒரு சாம்ராஜ்யம். நமக்கு எதிரில் இருப்பது ஒரு மேஜைதான். தனியாகப் போகப் பயமா? அக்கம்பக்கத்தில் நாலு பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கேட்பதை எழுதிக் கொடுங்கள். மறக்காமல் மனுவுக்கு ரசீது வாங்குங்கள். கேட்டதை நாம் மறந்தாலும் ரசீது மறக்காது!