சுரம் பயிற்றும் சீட்டுக்கட்டு

(கல்விக் கழக வெள்ளி விழாவில், மாலை இசை வகுப்பு ஆசிரியர்கள் சார்பில் ஆற்றிய உரை)



இசை வகுப்பிற்குள் நாங்கள் சீட்டுக்கட்டைக் கொண்டுவந்தபோது கிடைத்தது பாராட்டன்று; கண்டனமே. "சீட்டாடிக் குடிகெட்டது போதாதா? பிள்ளைகளுக்கும் பழக்குகிறீர்களா?" என்று மூதாட்டி ஒருவர் வாயிலில் நின்று கேட்டார். அவர் சினத்தில் நியாயம் இருந்தது. அன்று அவருக்குச் சொன்ன விடையையே இந்த அவையின் முன்னும் வைக்கிறோம்.

நம் தெருக்களில் இசைக்குப் பஞ்சமில்லை. பறையும் நாயனமும் பேண்டு வாத்தியமும் காதால் கேட்டுக் கைக்கு வந்தவை. ஒருமுறை கேட்ட பாட்டை உடனே கிளாரினெட்டில் வாசிப்போர் நம்மிடையே உண்டு. அத்தகைய ஒருவர் ஓர் ஒலிப்பதிவுக்குச் சென்றார். எதிரே ஒரு தாளை வைத்தார்கள். ஐந்து கோடுகளும் கறுப்புப் புள்ளிகளும் அவரோடு பேசவில்லை. கருவியை உறையிலிட்டுக்கொண்டு திரும்பினார். அவர் விரலில் குறையில்லை. படிப்பே குறுக்கே நின்றது. அவர் மகன் இன்று எங்கள் மாணவன்.

எழுதப்படாத கல்வி, கற்பிப்பவர் மனம் வைத்தால்தான் கிட்டும். 11ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் கிதோ என்னும் துறவி, கோடுகளின்மேல் சுரம் எழுதும் முறையைச் செம்மைப்படுத்தினார். பத்தாண்டு உழைத்துப் பெறும் தேர்ச்சியை ஓரிரு ஆண்டுகளில் பெறலாம் என்று அவர் எழுதினார். கேட்டறியாத பாட்டையும் பார்த்துப் பாட அதனால் வழி பிறந்தது. அந்தப் படிப்பை விளையாட்டாக்கும் எண்ணமும் புதிதன்று. எடின்பரோ நகரத்து ஆன் யங் என்னும் அம்மையார், இசை பயிற்றும் விளையாட்டுப் பெட்டி ஒன்றுக்கு 1801இலேயே காப்புரிமை பெற்றார்.

எங்கள் விளையாட்டு மிக எளியது. ஐந்து கோடுகளில் கீழிருந்து மேலாக இ, ஜி, பி, டி, எஃப். நான்கு இடைவெளிகளில் எஃப், ஏ, சி, இ. இந்த ஒன்பது சுரங்களுக்கு ஒன்பது படச்சீட்டுகள். அவற்றின் பெயர்களுக்கு ஒன்பது எழுத்துச்சீட்டுகள். பதினெட்டையும் கவிழ்த்துப் பரப்பி, இருவர் மாறி மாறி இரண்டிரண்டாகத் திருப்புவர். படமும் பெயரும் இணைந்தால் மட்டும் போதாது; அந்தச் சுரத்தைப் பாடியோ வாசித்தோ காட்டினால்தான் சீட்டு சொந்தமாகும். ஓசையில்லாமல் கற்ற சுரம் வெறும் புள்ளியே.

இரண்டாவது ஆட்டம் கால அளவிற்குரியது. முழுச்சுரத்திற்கு நான்கு எண்ணிக்கை, அரைச்சுரத்திற்கு இரண்டு, கால்சுரத்திற்கு ஒன்று, அரைக்கால்சுரத்திற்கு அரை. ரம்மியில் செட்டு சேர்ப்பதுபோல் எடுத்தும் கழித்தும், சரியாக நான்கு எண்ணிக்கை சேர்ப்பவர் அதனைக் கைதட்டிக் காட்ட வேண்டும். பின்னக் கணக்கென்றால் அஞ்சிய பிள்ளைகள் இதில் அஞ்சவில்லை. பிழை செய்தவனை யாரும் அடிப்பதில்லை. அடுத்த முறை வருகிறது, அவ்வளவே. பந்தயமும் இல்லை, பணமும் இல்லை.

நம் இராகங்களின் கமகங்களை இக்கோடுகள் முழுமையாகக் காட்டமாட்டா என்பதை அறிவோம். காதால் கற்ற கல்வியை இழிவு செய்வதும் எம் நோக்கமன்று. காதுக்குத் துணையாகக் கண்ணையும் சேர்க்கிறோம். பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா அவர்கள் எழுதிய சிம்பொனியை 2025 மார்ச் 8 அன்று இலண்டனில் அந்நாட்டு இசைக்கலைஞர்கள் வாசித்தனர். அவர்கள் தமிழறிந்து வாசிக்கவில்லை. தாளைப் படித்து வாசித்தனர்.

இப்போது அந்தக் கிளாரினெட் கலைஞரும் மாலையில் வகுப்பிற்கு வருகிறார். மகன் சீட்டைத் திருப்பிப் பெயர் சொல்கிறான், தந்தை ஊதுகிறார். கேள்வி கேட்ட மூதாட்டியோ தம் பேத்தியை அழைத்துவந்து விட்டார்.

அன்பர்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டில் கிடக்கும் பழைய திருமண அழைப்பிதழ்களை எறிந்துவிடாமல் எங்களிடம் தாருங்கள். நான்கைந்து இதழ்களை வெட்டினால் ஒரு கட்டு ஆகும். ஒரு கட்டு ஒரு வீட்டிற்குள் சென்றால், எதிரே வைத்த தாளைக் கண்டு திரும்பி வரும் கலைஞர் அந்த வீட்டில் இனி இருக்கமாட்டார்.