குழியை மூடுவது எப்படி?



ஒரு வீடு. தெருவிலிருந்து வாசல் வரை சிமெண்ட் பாதை. வண்டி ஏறி இறங்கி அதில் ஒரு குழி விழுந்தது. மழை பெய்தால் தண்ணீர் தேங்கும். ஒரு நாள் பாட்டி இடறி விழுந்தார்.

மருமகள் அன்றே சிமெண்டைக் கரைத்து ஊற்றினார். குழி மறைந்தது. பத்தே நாளில் பொருக்குப் பொருக்காகப் பெயர்ந்து வந்தது. ஏன்?

குழியில் தூசி இருந்தது. தூசியின் மேல் சிமெண்ட் ஒட்டாது. ஊற்றியதோடு விட்டுவிட்டார். தண்ணீர் தெளிக்கவில்லை. சிமெண்ட் காய்ந்து இறுகுவதில்லை. தண்ணீரோடு சேர்ந்துதான் இறுகும். ஈரம் போனால் வலுவும் போகும்.

மறுபடி மகனும் மருமகளும் சேர்ந்து செய்தார்கள். தளர்ந்த சிமெண்டை உளியால் கொத்தி எடுத்தார்கள். ஓரங்களை நேராக வெட்டினார்கள். கூட்டிக் கழுவினார்கள். ஈரக் குழியில் சிமெண்ட் பால் தடவினார்கள். அது காயும் முன்பே கலவையைப் போட்டார்கள். 1 சட்டி சிமெண்டுக்கு 3 சட்டி மணல். தண்ணீர் அளவோடுதான். ஆழமான குழி என்றால் சிறு ஜல்லியும் வேண்டும். அரை மணிக்குள் போட்டு முடித்தார்கள். கரணையால் அழுத்தினார்கள். தண்ணீர் தெருப்பக்கம் ஓடும்படி வாட்டம் வைத்தார்கள். வழுக்காமல் இருக்க, துடைப்பத்தால் மேலே லேசாகக் கோடு இழுத்தார்கள்.

மறுநாள் ஈரச் சாக்கு விரித்தார்கள். 7 நாள் ஈரம் காத்தார்கள். அதுவரை வண்டி ஏறவில்லை.

ஒன்றை மறக்காதீர்கள். சிமெண்ட் கலவை தோலைப் புண்ணாக்கும். கையுறை போடுங்கள். கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். உடனே மருத்துவரிடம் போங்கள்.

இப்போது பாட்டி பயமில்லாமல் நடக்கிறார். உங்கள் வாசலில் குழி இருக்கிறதா?